போகக் கூட்டத்தில் யார் குரல்? இரணைமடு நீராட்சி குறித்து

தன்னாட்சி என்றதும் நம் நினைவு அரசியலமைப்புக்கே ஓடுகிறது. வன்னியில் அது ஆண்டுதோறும் நடைமுறையில் இருக்கும் இடம் இரணைமடுவின் போகக் கூட்டம். ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயலுக்கு நீர் தரும் குளம் இது. எத்தனை ஏக்கர் விதைப்பது, வாய்க்கால் எந்த நாளில் திறப்பது, கால்நடைகளை எப்போது வயல்வெளியிலிருந்து அகற்றுவது என்பதெல்லாம் அங்கே கமக்காரர் முன்னிலையில் முடிவாகின்றன.

இந்த முறையின் பெரும் பலம் சிறுபோகத்தில், அதாவது கோடைச் செய்கையில், நடக்கும் பங்கீடு. குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாதபோது, பாய்ச்சக்கூடிய பகுதியை மட்டும் தெரிவுசெய்து, அதற்குள் மற்றவர்களுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். தன் காணி தரிசாகக் கிடக்கும் கமக்காரர் அயலவர் காணியில் விதைக்கிறார். தட்டுப்பாட்டை எல்லோரும் சேர்ந்து சுமக்கும் இந்த ஏற்பாட்டை, ஊரார் ஒப்புதல் இல்லாமல் எந்த அதிகாரியாலும் நடத்திவிட முடியாது.

குறைகளும் சிறியவை அல்ல. காணி உள்ளவர் குரலே கூட்டத்தில் ஓங்கி ஒலிக்கிறது. குத்தகைக்குச் செய்பவர், வாய்க்காலின் கடைசியில் இருப்பவர், போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியும் வயற்காணி கிடைக்காதவர்கள் ஆகியோருக்கு நீர் குறித்துச் சொல்ல நிறைய இருக்கிறது. சொல்லும் இடம்தான் குறைவு.

இன்னொரு குறை யாழ்ப்பாணக் குடிநீர்த் திட்டத்தில் வெளிப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கமக்காரர் அமைப்புகள் எதிர்த்தன. வயலுக்கு நீர் குறையும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. குடாநாட்டின் தாகமும் நியாயமானது. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது. இரு நியாயங்களையும் எடைபோடும் வலு போகக் கூட்டத்துக்கு இல்லை. குளத்துக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு வட மாகாணத்துக்குள்ளேயே ஓடுவதால் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. எனவே அந்த வலு மாகாண சபைக்கே உரியது. 2013இல் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே நடக்கவில்லை.

இந்த நிலையைக் கனடாவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே பிரெஞ்சு மொழியினர் கியூபெக் மாகாணத்தில் பெரும்பான்மையினர். மற்ற மாகாணங்களில் சிறுபான்மையினர். அல்பேர்ட்டா மாகாணத்துப் பெற்றோர் தொடுத்த வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் 1990இல் ஒரு தீர்ப்பு வழங்கியது: போதிய எண்ணிக்கையில் இருக்கும் சிறுபான்மையினருக்குத் தம் பிள்ளைகளின் பிரெஞ்சு மொழிக் கல்வியை நிர்வகிப்பதிலும் உரிமை உண்டு. மாகாண ஆட்சி கையில் இல்லாதவர்களும் ஒரு நிறுவனத்தைத் தாமே நடத்த அரசியலமைப்பு அங்கே காவலாக நிற்கிறது. நம் நீராட்சிக்கு ஊர்வழக்கும் கமநலச் சட்டமும் துணை நிற்கின்றன; அவற்றுக்கு மேலே தெரிவான சபை இல்லை.

போகக் கூட்டம் காக்கப்பட வேண்டிய முறை என்பதே என் தீர்ப்பு. அதைக் காக்க இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். மாகாண சபைத் தேர்தலை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது. காணியற்றவருக்கும் பெண்களுக்கும் குத்தகைக்காரருக்கும் கூட்டத்தில் உறுதியான இடம் கொடுக்கக் கமக்காரர் அமைப்புகள் முன்வர வேண்டும். கொழும்பிடம் நாம் கேட்கும் பங்கை நம் ஊருக்குள்ளும் பகிர்ந்தால்தான் நம் கோரிக்கைக்கு அறவலு இருக்கும்.