தீனித்தட்டுக்கு வராத விருந்தாளிகள்

புதுச்சேரியில் காக்கைக்குச் சோறு வைக்காத வீடு குறைவு. சனிக்கிழமை, அமாவாசை என்று தொடங்கி, மாட்டுப் பொங்கல் காலையில் மஞ்சள் இலையில் வண்ணச் சோறு பரப்பும் கனுப்பிடி வரை அது நம் வழிபாட்டோடு கலந்த வழக்கம். அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. மொட்டை மாடியில் தீனித்தட்டு தொங்கவிட்டு, கம்போ நொய்யரிசியோ நிரப்பி, மார்கழி, தை மாதக் காலைகளில் பறவை பார்ப்பது. இரண்டிலும் அன்பு இருக்கிறது. அந்த அன்பினால் பறவைக்கு என்ன பயன் என்று கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் இது.

முதலில் நிறைகள். ஏரிக்கோ காட்டுக்கோ போக முடியாத முதியவரும் பள்ளிப் பிள்ளையும் பறவையைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கிறார்கள். பார்த்துப் பழகியவர்கள் பிறகு எண்ணத் தொடங்குகிறார்கள். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். வீட்டு மாடியிலிருந்தே பட்டியல் எழுதி இ-பேர்டு தளத்தில் ஏற்றலாம். சென்னை ராயப்பேட்டையில் ‘கேமரா’ சேகர் சுனாமிக்குப் பிறகு மாடியில் ஊறவைத்த அரிசி வைக்கத் தொடங்கியதும், பச்சைக்கிளிகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கியதும் நாடறிந்த செய்தி. நகரத்தில் பறவை உண்டு என்பதையே மறந்திருந்த பலரை அந்தக் காட்சி நிமிர்ந்து பார்க்க வைத்தது.

ஆனால் தீனித்தட்டு குளிர்நாடுகளில் வேரூன்றிய பழக்கம். அங்கே பனி மூடிய மண்ணில் புழு கிடைக்காது, பகல் குறுகியது. ஒரு சிறு பறவைக்கு அன்றைய தீனி கிடைக்காவிட்டால் இரவைத் தாண்டுவதே கடினம். நம் ஊரில் நிலைமை தலைகீழ். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை விட்டதும் பூச்சியும் புழுவும் பெருகும். இங்கே குளிர்காலம் பஞ்ச காலம் அல்ல. வடக்கிலிருந்து பறவைகள் நம்மிடம் வருவதே அதனால்தான்.

தட்டுக்கு யார் வருகிறார்கள் என்று கவனியுங்கள். கைப்பிடிச் சுவரில் முதலில் இறங்குவது காகம். கழுத்தைச் சாய்த்து ஆளைப் பார்த்துவிட்டு ஒரு வாய் கவ்விப் பறக்கும். அடுத்து மைனா, அணில். பிறகு புறாக்கள் கும்பலாக இறங்கித் தட்டையே சொந்தமாக்கிக்கொள்ளும். அதே நேரத்தில் கீழே செம்பருத்திப் புதருக்குள் ‘டக், டக்’ என்று ஒரு குரல் கேட்கும். அது பிளித் நாணல் கதிர்க்குருவி. இலைக்கு இலை தாவிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். சருகைக் கிளறிக்கொண்டு ஆறுமணிக்குருவி நடக்கும். முருங்கைக் கிளையில் பழுப்புக் கீச்சான் வெட்டுக்கிளிக்குக் காத்திருக்கும். குளிர்கால விருந்தாளிகள் இவைதான். இவற்றில் ஒன்றும் கம்பு தின்னாது.

ஆக, தட்டு உதவுவது ஏற்கெனவே பெருகி நிற்பவற்றுக்கு. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நன்றாகப் பெருகிவரும் பறவைகளில் ஒன்றாக மாடப்புறாவைக் குறிப்பிடுகிறது. புறா எச்சத்தின் தூசு சிலருக்கு நுரையீரல் அழற்சியைத் தருகிறது. இந்தச் சுகாதாரக் காரணத்தால்தான் 2025-இல் மும்பை மாநகராட்சி, புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் புறாக்கூடத்தை மூடியது. காகம் பெருகினால் சிறு பறவைகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. சிந்திய தானியத்துக்கு இரவில் எலி வரும். நோயும் உண்டு. பிரிட்டனில் 2005-க்குப் பிறகு தீனித்தட்டுகளில் எச்சில், தண்ணீர் வழியாகப் பரவிய ஓர் ஒட்டுண்ணி நோயால் கிரீன்ஃபின்ச் பறவைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2021-இல் அந்தப் பறவை அங்கே மிகவும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்கே போய்விட்டது. அந்த ஒட்டுண்ணி புறா இனத்திலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. பல பறவைகள் ஒரே தட்டில் வாய்வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘சிட்டுக்குருவிக்காவது அரிசி போடலாமே’ என்பார்கள். சமைக்க வைத்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு வாரி இறைத்தார் என்ற கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. அந்த வாதத்துக்கு இங்கே தனி மரியாதை உண்டு. தானியம் வளர்ந்த குருவிக்குச் சரி. குஞ்சுக்குத் தாய் ஊட்டுவது பெரும்பாலும் பூச்சி. மருந்தடித்துப் பூச்சியை ஒழித்துவிட்டு மாடியில் அரிசி இறைத்தால் குருவி வம்சம் தழைக்காது.

பறவைக்கு உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது மரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரியின் மரங்களை வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் மறுபடி கைவரிசை காட்டியது. விழுந்ததற்கு ஈடு நட்டோமா என்பது ஒவ்வொரு தெருவும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இடமிருப்பவர்கள் நாவலும் அத்தியும் நடலாம். இடமில்லாதவர்களுக்குத் தொட்டியில் ஒரு செம்பருத்தி போதும், தேன்சிட்டு தேடி வரும். உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டுவைத்தால் அதுவே ஆறுமணிக்குருவிக்குப் பந்தி. இரண்டு அங்குல ஆழமுள்ள மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். தானியம் தின்னாத பறவையும் குடிக்கவும் குளிக்கவும் வரும். ஆனால் தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். கொசு ஆராய்ச்சிக்கென்றே 1975 முதல் ஒரு மத்திய நிறுவனம் இயங்கும் ஊரில், தேங்கிய தண்ணீர் டெங்குக் கொசுவை வளர்க்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காக்கைக்கு வைக்கும் ஒரு பிடி சோற்றை யாரும் நிறுத்த வேண்டாம். அளவோடு வைப்பதால் கெடுதல் இல்லை. கிலோக் கணக்கில் தானியம் கொட்டுவது மட்டும் பறவைக்குச் செய்யும் உதவி ஆகாது. பார்ப்பதும் எண்ணுவதும் தொடரட்டும். தானியத்துக்குச் செலவிடும் காசில் இந்தத் தை மாதம் ஒரு நாவல் கன்று வாங்கி நடுங்கள்.