தென்காசிக்கு மேலே ஒரு நேர்கோடு: விமான சிமுலேட்டர்களின் வழித்தரவும் கட்டுப்பாட்டுக் குரலும்

மதுரை விமான நிலையத்தையும் திருவனந்தபுரம் விமான நிலையத்தையும் நிலப்படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு கடையநல்லூருக்குக் கிழக்கே இறங்கி, ஏறத்தாழத் தென்காசி நகரின் மேலாகவே சென்று, குற்றாலத்துக்குத் தென்புறமுள்ள மலைகளைத் தாண்டிக் கேரளக் கரையை அடைகிறது. கோட்டின் நீளம் சுமார் 107 கடல் மைல், அதாவது 198 கிலோமீட்டர். தென்காசிக்குப் பின் எஞ்சுவது 37 கடல் மைல் மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் அந்தக் கடைசி 37 மைலுக்குள் குறுக்கே கிடக்கிறது. விமானம் ஓட்டுவதை வீட்டுக் கணினியிலேயே பழகத் தரும் சிமுலேட்டர் என்னும் மென்பொருளில் ஏற்படும் இருவகைக் கோளாறுகளை, அதாவது வழித்தரவு பிசகுவதையும் கட்டுப்பாட்டாளரின் செயற்கைக் குரல் தவறான ஆணை தருவதையும், எடைபோட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வழி தமிழகத்தின் தென்கோடியில் இல்லை. இக்கோளாறுகளைத் தாமே கண்டறிந்து சரிசெய்துகொள்ளும் வழக்கம் ஆர்வலர்களிடையே நன்கு வளர்ந்திருக்கிறது. அது எதைச் சரியாகச் செய்கிறது, எதைக் காணத் தவறுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வழித்தரவு என்பது, ஆர்வலர் பேச்சில் 'நவ்டேட்டா' எனப்படுவது, ஓடுபாதைகளின் முனைகள், வானொலி வழிகாட்டி நிலையங்கள், வான்வழிகள், ஆயத்தொலைவால் மட்டுமே குறிக்கப்படும் வழிப்புள்ளிகள், தரையிறங்கும் நடைமுறைகள் ஆகியவற்றின் தொகுப்பு. உலகெங்கும் இது 28 நாளுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையன்று நடப்புக்கு வருமாறு புதுப்பிக்கப்படுகிறது. 'ஏராக்' எனப்படும் இச்சுழற்சி ஆண்டுக்குப் பெரும்பாலும் 13 முறை நிகழும். உண்மை விமானத்தில் ஒரு விமானத்துக்கு ஒரு தரவுத்தளம் என்ற ஒழுங்கு இருக்கிறது. வீட்டுச் சிமுலேட்டரில் அந்த ஒழுங்கு குலைகிறது. சிமுலேட்டர் தன் கட்டுப்பாட்டுக் குரலுக்கும் நிலக்காட்சிக்கும் ஒரு தரவைக் கொண்டிருக்கிறது. தனியே வாங்கிச் சேர்த்த விமானம் தன் பறப்புக் கணினிக்கென வேறொன்றைச் சுமக்கிறது. பயணத் திட்டத்தை வகுத்துத் தரும் சேவை மூன்றாவதொன்றிலிருந்து வழியை எழுதுகிறது. இணைய வலையமைப்பில் மனிதக் கட்டுப்பாட்டாளர் அமர்ந்திருந்தால் அவர் கையிலிருப்பது நான்காவது. திட்டத்தில் உள்ள வழிப்புள்ளியைப் பறப்புக் கணினியில் இட்டதும் 'நாட் இன் டேட்டாபேஸ்' என்ற செய்தி வருவதற்கு, ஏதோ ஒன்று பழுதாகிவிட்டது என்பதைவிட, இந்நான்கும் வெவ்வேறு மாதங்களில் வாழ்கின்றன என்பதே பெரும்பாலும் காரணமாகிறது.

இதைக் கண்டறிய ஆர்வலர் கையாளும் முறை மதிக்கத்தக்கது. முதலில் ஒவ்வோர் அடுக்கின் ஏராக் எண்ணையும் பார்த்து ஒப்பிடுகிறார்கள். எண்கள் ஒத்திருந்தும் கோளாறு நீடித்தால் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 'கம்யூனிட்டி' கோப்புறையைக் காலிசெய்து, சேர்ப்புகளைப் பாதிப் பாதியாகத் திருப்பி வைத்து, எந்தப் பாதியில் கோளாறு திரும்புகிறது என்று சுருக்கிக்கொண்டே போகிறார்கள். எக்ஸ்-பிளேனில், மூலத் தரவை மேவி நிற்கும் 'கஸ்டம் டேட்டா' கோப்புறையை அகற்றிச் சோதிக்கிறார்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைக் காண்பது என்ற ஆய்வுக்கூட ஒழுக்கம் இது. பள்ளியில் செய்முறை வகுப்பு பெயரளவுக்கு நடந்த இளைஞர் ஒருவர் இவ்வொழுக்கத்தைப் பொழுதுபோக்கின் வழியே பெறுகிறார் என்றால், அதைச் சிறிய பயன் என்று தள்ள முடியாது.

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் இம்முறையின் தேவையைத் தெளிவாகக் காட்டும். பல்லாண்டுகள் சிறிய விமானங்களுக்கே போதுமான 1,350 மீட்டர் ஓடுபாதை அங்கிருந்தது. விரிவாக்கத்தில் அது 3,115 மீட்டராக நீண்டது. புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. நிலக்காட்சி பழைய செயற்கைக்கோள் படத்திலிருந்தும் வழித்தரவு புதிய சுழற்சியிலிருந்தும் வந்தால், பறப்புக் கணினி காட்டும் ஓடுபாதை முனையில் திரையிலே பொட்டல்தான் இருக்கும். விமானமும் அந்தப் பொட்டலை நோக்கியே ஒழுங்காக இறங்கும். இங்கே ஒரு முடிவு தவிர்க்க முடியாதது. அடுக்குகள் அனைத்தும் ஒரே பழைய மாதத்தில் நிற்பது, ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டு மற்றவை பின்தங்கி நிற்பதைவிட மேலானது. மாதச் சந்தா கட்டிப் புதிய தரவு வாங்க இயலாதவர், விமானத்தோடு இலவசமாக வரும் பழைய தரவுக்கு ஏற்பத் தம் திட்டத்தையும் அமைத்துக்கொண்டால், பறப்பில் அவர் இழப்பது மிகக் குறைவு. 'புதிய ஏராக் போடு, சரியாகிவிடும்' என்று எல்லாக் கேள்விக்கும் ஒரே மருந்தை நீட்டும் போக்கு இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

அந்த மருந்தின் குறை இன்னும் ஆழமானது; அது புதுமையையே சரியானதாக எடுத்துக்கொள்கிறது. 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானத்தில், 'ரோசோ' என்ற வழிகாட்டி நிலையத்தைக் கருதி விமானிகள் 'ஆர்' என்ற ஓரெழுத்தைப் பறப்புக் கணினியில் இட்டனர்; கணினி பட்டியலின் முதலில் தந்தது பொகோட்டாவுக்கு அருகிலுள்ள 'ரோமியோ' நிலையத்தை. விமானம் திரும்பி மலையில் மோதியது. 159 பேர் இறந்தனர். அங்கே தரவு காலாவதியாகவில்லை. அச்சுப் படத்தில் ஒரு பெயரும் தரவுத்தளத்தில் வேறு வடிவமுமாக ஒரு நிலையம் குறிக்கப்பட்டிருந்ததும், தேர்ந்தது எது என்று எவரும் தூரத்தையும் திசையையும் சரிபார்க்காததும் சேர்ந்தே கேடு விளைத்தன. ஏராக் எண்ணை ஒப்பிடும் முறை இத்தகைய பிழையை ஒருபோதும் பிடிக்காது.

தென்காசி வானத்துக்கே உரிய மற்றொரு மறைவும் உண்டு. காந்த ஊசி கீழ்நோக்கிச் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு, அதாவது காந்த நடுக்கோடு, இப்பகுதியை ஒட்டிச் செல்வதாலேயே 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமும் அமைந்தது. வழித்தரவுக்கு நேரடியாக வேண்டியது வேறோர் அளவு: உண்மை வடக்குக்கும் ஊசி காட்டும் வடக்குக்கும் இடைப்பட்ட கோணமான காந்த ஒதுக்கம். அதுவும் இங்கு ஏறத்தாழ இரண்டு பாகைதான். ஆகவே சிமுலேட்டரின் காந்த மாதிரி பழையதாக இருந்தாலும் இவ்வட்டாரத்தில் அது கண்ணில் படாது. காந்த வடக்கு நகர்ந்ததால் 2011இல் ஓடுபாதை எண்ணையே மாற்ற நேர்ந்த அமெரிக்காவின் டம்பா போன்ற இடத்தில் அதே பிழை, தரவில் ஓர் எண்ணும் நிலக்காட்சியில் வேறோர் எண்ணுமாக வெளிப்பட்டு, இல்லாத ஓடுபாதைக்குக் கட்டுப்பாட்டுக் குரல் அனுமதி தரும் அளவுக்குப் போகும். ஓரிடத்தில் கோளாறு தெரியவில்லை என்பதைக் கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் ஆர்வலர் இங்கே எளிதில் ஏமாறுவார்.

எனினும் மதுரை–திருவனந்தபுரக் கோட்டில் உண்மையான சோதனை, கட்டுப்பாட்டுக் குரலுக்கே. விமானம் கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி வீதம் இறங்குவது வழக்கமான சரிவு. அக்கணக்குப்படி தென்காசிக்கு நேர்மேலே அது சுமார் 11,000 அடியில் இருக்க வேண்டும். சேருமிடம் கடல்மட்டத்தை ஒட்டியது என்ற ஒன்றை மட்டும் கருதி முன்கூட்டியே இறக்கிவிடும் செயற்கைக் குரல், அங்கே 4,000 அடிக்கு இறங்கச் சொன்னால் சமவெளியில் அது தவறாகவே தோன்றாது. கீழே வயலும் காற்றாலையும் குளமும் போதிய ஆழத்தில் தெரியும். ஆனால் குற்றாலத்து மலையடிவாரம் அங்கிருந்து மூன்று கடல் மைல்தான். மணிக்கு 240 கடல் மைல் வேகத்தில் அது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதன்பின் 1,000 மீட்டரைத் தாண்டும் முகடுகள் எழுகின்றன; கோட்டுக்குத் தென்கிழக்கே சுமார் ஒன்பது கடல் மைல் விலகி 1,868 மீட்டர், அதாவது 6,130 அடி உயரத்தில் அகத்தியமலை நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்து வானிலையைச் சிமுலேட்டரில் இயக்கினால் முகடுகள் முகிலுக்குள் மறைந்துவிடுவதால், கண்ணால் கண்டு திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் இல்லாமல் போகிறது.

உண்மை நடைமுறையில் இதற்குக் காவல் பலவுண்டு. விமான நிலையத்து வழிகாட்டியைச் சுற்றி 25 கடல் மைல் வட்டத்தைப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் உயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 1,000 அடி இடைவெளி விட்டு அறிவிக்கப்படும் பிரிவுக் குறைந்தபட்ச உயரம் அவற்றுள் ஒன்று. அகத்தியமலை திருவனந்தபுரத்திலிருந்து 21 கடல் மைல் தொலைவில், அவ்வட்டத்துக்குள்ளேயே இருப்பதால், அப்பிரிவில் 7,100 அடிக்குக் கீழே எவ்வுயரமும் பாதுகாப்பானதாகக் கருதப்பட முடியாது. வழித்தரவிலும் ஒரு காவல் இருக்கிறது: ஒரு பாகைக்கு ஒரு பாகை எனக் கட்டம் கட்டி, 5,000 அடிக்கு மேற்பட்ட நிலமுள்ள கட்டத்துக்கு 2,000 அடி இடைவெளி சேர்த்து எழுதப்படும் குறைந்தபட்ச உயரம். தென்காசி விழும் கட்டம் 8, 9 பாகை அகலாங்குகளுக்கும் 77, 78 பாகை நெட்டாங்குகளுக்கும் இடைப்பட்டது. அகத்தியமலையும் அதிலேயே அடங்குவதால் அக்கட்டத்தின் எண் 8,100 அடிக்கு மேல் அமைய வேண்டும். ஆர்வலர் மாதந்தோறும் அக்கறையோடு புதுப்பிக்கும் தொகுப்புக்குள்ளேயே இந்த எண் கிடக்க, அதை நோக்காமல் குரல் இறக்கச் சொல்கிறது என்பதே இத்துறையின் மனத்தை உறுத்தும் குறை. அதற்காகக் கட்ட எண்ணை அப்படியே குரலுக்குக் கொடுத்துவிட்டாலும் போதாது. திருநெல்வேலிச் சமவெளியும் அதே கட்டத்தில் இருப்பதால், தாமிரபரணிக் கரை வயலுக்கு மேலேயும் விமானம் மலைக்குரிய உயரத்தில் நிறுத்தப்படும். மெய்யான கட்டுப்பாட்டாளரிடம் இதைவிட நுண்ணிய ரேடார் வழிநடத்தல் உயரப் படம் இருப்பது இக்காரணத்தாலேயே.

அண்மைக் காலத்தில் பியாண்ட்ஏடிசி, சேஇன்டென்ஷன்ஸ் போன்ற செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் குரலின் இயல்பை வெகுவாக உயர்த்தியுள்ளன. விமானி தன் சொற்களிலேயே கேட்டாலும் அவை புரிந்துகொண்டு விடையளிக்கின்றன. பட்டியலில் எண்ணை அழுத்திப் பேசிய பழைய முறையோடு ஒப்பிட்டால் இது பெரும் பேறு. ஆங்கில வானொலிச் சொற்களை வாய்விட்டுப் பழகத் துணையில்லாத சிற்றூர் மாணவருக்கு இது உண்மையான பயிற்சியும்கூட. ஆனால் குரல் மனிதக் குரலை நெருங்க நெருங்க, அது சொல்லும் உயரத்தை ஐயுறும் மனம் தளர்கிறது. தடுமாறும் இயந்திரக் குரல் 4,000 அடி என்றால் ஆர்வலர் மலையைப் பார்க்கிறார்; சென்னைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே வருவது போன்ற குரல் சொன்னால் இறங்கிவிடுகிறார். மதிப்பீடுகளில் உச்சரிப்புக்கும் உரையாடல் ஓட்டத்துக்கும் கிடைக்கும் பாராட்டில் ஒரு பங்காவது நிலவுயரச் சோதனைக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

1998இல் தொடங்கிய ஐவாவோ, 2001இல் தொடங்கிய வாட்சிம் ஆகிய தன்னார்வ வலையமைப்புகளில் மனிதரே கட்டுப்பாட்டாளராக அமர்வதால் இக்குறை பெரிதும் நீங்குகிறது. தரவு ஒத்துப்போகாத விமானிக்கு வழிப்புள்ளியை விட்டுத் திசையெண்ணைத் தந்து நடத்தவும் அவர்களால் முடியும். ஆனால் கட்டுப்பாட்டாளர் எவரும் இல்லாத நேரத்தில் வாட்சிமில் விமானிகள் 122.8 என்ற பொது அலைவரிசையில் தம் நிலையைத் தாமே அறிவித்துக்கொண்டு பறக்க வேண்டியதுதான். அப்போது உயரத்தின் பொறுப்பு முழுவதும் விமானியுடையது.

திருத்தும் வழக்கம் இனி நகர வேண்டிய திசையை இக்கோடே காட்டுகிறது. இந்திய விமான நிலையங்கள் ஆணையம் வான்பயணத் தகவல் வெளியீட்டை இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. திருவனந்தபுரத்தின் பிரிவு உயரத்தையும் ஓடுபாதை அளவையும் அதில் பார்த்துவிட்டுப் புறப்படச் சில நிமிடம் போதும். குற்றாலத்துக்கு வழிப்புள்ளி வேண்டுமாயின் வடக்கு 8 பாகை 56 நிமிடம், கிழக்கு 77 பாகை 16 நிமிடம் என்று ஆயத்தொலைவாக இட்டால், பெயர் மயக்கத்துக்கும் ஏராக் எண்ணுக்கும் இடமில்லாத ஒரு புள்ளி கிடைக்கிறது. அப்புள்ளி திரையில் பேரருவிக்கு அருகே விழுகிறதா என்பதே தரவுக்கும் நிலக்காட்சிக்குமான முதல் சோதனை. குரல் தவறாக இறக்கியபோது 'ஏடிசி மலையில் மோதவிட்டது' என்று மட்டும் எழுதி அனுப்பும் முறையீடு உருவாக்குநருக்குப் பயன்படாது. ஆணை வந்த இடத்தின் ஆயத்தொலைவு, சொல்லப்பட்ட உயரம், முன்னுள்ள முகட்டின் உயரம், அந்நேரத்து ஓடுபாதைத் தேர்வு, ஒவ்வோர் அடுக்கின் ஏராக் எண் ஆகிய ஐந்தும் அம்முறையீட்டில் இருந்தால், மலையைக் காணாதது தரவா, குரலா என்பதைத் தென்காசியை ஒருமுறையும் பார்த்திராத நிரலாளரும் தன் மேசையிலேயே மீண்டும் நிகழ்த்திக் கண்டுகொள்ள முடியும்.