காந்தச் சிற்பமும் கலைஞனின் உரிமையும்

காந்தத்தின் மீது கடதாசியொன்றை வைத்து, அதில் இரும்புத்தூளைத் தூவி மெல்லத் தட்டினால், துகள்கள் வளைகோடுகளாக அணிவகுப்பதை விஞ்ஞான வகுப்பில் நாம் யாவரும் கண்டிருக்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத விசையொன்று வெளியிலே பரந்து கிடக்கிறது என்பதே அவ்வெளிய பரிசோதனை புகட்டும் பாடம். அவ்விசையையே சிற்பத்தின் மூலப்பொருளாக்கினார் கிரேக்கக் கலைஞர் தாக்கிஸ் (1925-2019).

1959 முதல் அவர் ஆக்கிய காந்தச் சிற்பங்களில், மெல்லிய கம்பியிற் பிணிக்கப்பட்ட இரும்புத் துண்டு காந்தத்தை நோக்கி எழுந்து, அதனைத் தொடாமலே அந்தரத்தில் நிற்கும். ஈர்க்கும் விசைக்கும் இழுத்துப் பிடிக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள இழுபறியே அச்சிற்பத்தின் உயிர்.

இது வெறும் செப்படிவித்தை என ஒதுக்குவோர் நம்மிடையே உளர். மனித உருவமும் வாழ்க்கைப் போராட்டமும் இல்லாத கலை மக்களுக்கு எதற்கு என்பது அவர்தம் வினா. வினா நியாயமானது, ஆயின் அவர்கள் காணும் விடை அவசரத்திற் பிறந்தது. பொருள்களைத் தனித்தனியே காணாது, அவற்றிடையே உள்ள தொடர்பைக் காணும் பார்வையை இச்சிற்பங்கள் வளர்க்கின்றன. சமுதாயத்தை விளங்கிக்கொள்ள விழைவோருக்கு வேண்டுவதும் இப்பார்வையே.

எனினும், காந்தம் தானாகவே சமுதாயத்தைப் பேசிவிடும் என நாம் கூறவில்லை. 1960இல் பாரிஸ் நகரில் சின்கிளயர் பெய்ல்ஸ் என்ற தென்னாபிரிக்கக் கவிஞரைக் காந்தங்களின் துணைகொண்டு அந்தரத்தில் நிறுத்தினார் தாக்கிஸ். அணுகுண்டுகள் யாவும் சிற்பங்களாக மாறவேண்டும் என அக்கவிஞர் பிரகடனஞ் செய்தார். அங்கே கருத்தைச் சுமந்தது கவிஞரின் சொல்லே, காந்தமன்று.

தாக்கிஸின் சமூக உணர்வு செயலாக வெளிப்பட்டது 1969 ஜனவரி 3ஆம் நாளிலாகும். நியூயோர்க் நவீன கலைக்கூடத்தில் இயந்திரம் பற்றிய பெருங்காட்சியொன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே வைக்கப்பட்டிருந்த தமது 1960ஆம் ஆண்டுச் சிற்பத்தை அகற்றி, அவர் தோட்டத்திற்கு எடுத்துச் சென்றார். சிற்பம் கலைக்கூடத்தின் உடைமை. ஆயினும் படைத்தவனின் சம்மதமின்றி அதனைக் காட்சிக்கு வைக்கலாகாது என்பது அவர் வாதம். பேச்சுவார்த்தையின் பின் சிற்பம் காட்சியிலிருந்து விலக்கப்பட்டது. இச்செயலை அடுத்து உருவான கலைத் தொழிலாளர் கூட்டணி, கலைஞர்தம் உரிமைகளோடு, மக்கள் யாவருக்கும் கலைக்கூடங்களில் இலவச அனுமதியையும் கோரியது.

சொத்துரிமையும் கண்ணுக்குப் புலனாகாத விசைதான். ஆதலால் தாக்கிஸை மதிப்பிடுவோர் அந்தரத்தில் நிற்கும் இரும்பை வியப்பதோடு அமைந்துவிடலாகாது. அது யாருடைய காவலில், யார் சம்மதத்துடன், யார் காண்பதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்றும் வினவுதல் வேண்டும்.