வில்லியம்ஸ்பர்க் துப்பாக்கிக் கொல்லன்: படம் காட்டியதும் விட்டதும்

1969ல் வந்த 'கன்ஸ்மித் ஆஃப் வில்லியம்ஸ்பர்க்' ஆவணப்படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரைபிள் ஒன்றை 18ஆம் நூற்றாண்டு முறையில் கையாலேயே செய்கிறார். பின்னணிக் குரல் டேவிட் பிரிங்க்லி.

குழல் செய்யும் பகுதி அபாரம். தட்டை இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அடித்து ஒட்டுகிறார். பிறகு துளையைக் கடைந்து, உள்ளே சுருள் காடி வெட்டுகிறார். இதைவிடத் தெளிவா யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

என் குறை வேறு. படம் முடிஞ்சதும் 'எல்லாம் கைராசி' என்ற எண்ணம்தான் மிஞ்சுது. அது பாதி உண்மை.

காடி வெட்டும் கருவியையே எடுத்துக்குங்க. திருகு போல வரி செதுக்கிய மர உருளை ஒன்று. அதை இழுத்தால், கழி முனையில் உள்ள சின்ன வெட்டுப்பல் அதே திருப்பத்தில் குழலுக்குள் சுழலும். காடியை ஆழமாக்க, பல்லுக்கு அடியில் காகிதத் துண்டு வைத்து உயர்த்துவார்கள். மைக்ரோமீட்டர் கிடையாது, காகிதத்தின் தடிமன்தான் அளவு. ஆக, துல்லியம் கையில் மட்டும் இல்லை, உருளையிலும் இருக்கு. அதில் பிழை இருந்தால் அதில் வெட்டும் எல்லாக் குழலிலும் அதே பிழை. லைப்ரரியில் இருக்கிற பக் மாதிரி.

சுடுவதற்குப் படம் ஒதுக்கியது கொஞ்ச நேரம்தான். ஆனா குழல் தயாரானால் பாதி வேலைதான் முடியுது. ஈயக் குண்டு துளையைவிடக் கொஞ்சம் சிறிசு. கொழுப்பு தடவிய துணியில் பொதிந்து இறக்கணும். அந்தத் துணிதான் காடியைப் பிடித்துக் குண்டைச் சுழற்றும். மெல்லிசா இருந்தால் கருகிக் கிழியும், தடிச்சா இறங்காது. அதனால் பழகியவர்கள் சுட்டபின் தரையில் விழுந்த துணியைப் பொறுக்கிப் பார்ப்பார்கள். மருந்தின் அளவு, துணி, குண்டு, இதில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி சுடுவார்கள். சுத்தமான டீபக்கிங்.

இது ஏன் முக்கியம்? 'அந்தக் காலக் கைத்திறன், இனி வராது' என்று புகழ்ந்தால், முறை கண்ணில் படாமல் போகும். கைராசி ஆளோடு போயிடும். முறையைக் கற்றுக்கொடுக்கலாம். கஸ்லரும் 18ஆம் நூற்றாண்டு ஆள் இல்லையே, செய்து பார்த்துக் கற்றவர்தானே? படம் அதைச் சொல்லியிருக்கணும்.

அவசியம் பாருங்க. உருளை வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்க.