தேய்ந்த கொக்கி

அப்பாவின் ருத்ராட்சம் ஒரு வருடமாகப் பீரோவில், விபூதி டப்பாவுக்குள் கிடந்தது. ஐந்து முகம், ஒற்றை மணி, இரு முனையிலும் வெள்ளிப் பூண், மெல்லிய வெள்ளிச் சங்கிலி. தலைத் திவசம் முடிந்த மறுநாள், கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய அதைக் கையில் எடுத்தேன். முடிவு வரவில்லை. மணியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

முத்தும் பவளமும் தடவினால் விரல் வழுக்கும். இந்த மணியில் விரல் அடிக்கடி தங்கும். முழுக்க முண்டும் முடிச்சும். வற்றிய கண்மாயில் மாடுகள் மிதித்துக் காய்ந்த சேற்றைப் போல. அந்தக் கரடுமுரடுக்கு நடுவே ஐந்து கோடுகள், எங்கும் அறுபடாமல் முனையிலிருந்து முனைக்கு ஓடுகின்றன. நாம் முகம் என்பது இந்தக் கோடுகளைத்தான். குறுக்கே அறுத்தால் உள்ளேயும் ஐந்து அறைகள் இருக்கும். போலி மணியில் கோட்டைச் செதுக்கிக் கூட்டிவிடலாம். அறையைக் கூட்ட முடியாது. விளக்கருகே சாய்த்துப் பிடித்தபோது ஒவ்வொரு கோட்டின் கரையும் ஒவ்வொரு விதமாகச் சரிவது தெரிந்தது. ஒரு கோடு பூணை நெருங்கும் இடத்தில் லேசாக வளைந்து, பிறகு நேராகிறது. அந்தச் சின்ன வளைவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இது ஒரு பழத்தின் கொட்டை என்பது கழுத்தில் பார்க்கும்போது நினைவுக்கு வருவதில்லை. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு ருத்ராட்ச மரம் நிற்கிறது. இதன் பழம் நல்ல நீலம். மயில் கழுத்தை நினைவூட்டும் மினுமினுப்பு. அந்தத் தோலில் நீலச் சாயமே இல்லை என்று 1991-இல் டேவிட் லீ என்ற தாவரவியலாளர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். தோலிலேயே உள்ள நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம் அது. சிவனின் கண்ணீர் விழுந்து முளைத்த மரம் என்று புராணம் சொல்கிறது. நீலத்துக்குள் இப்படிப்பட்ட முரட்டுக் கொட்டை ஒளிந்திருப்பதைப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கதை தோன்றியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

புது மணி வெளிறிய பழுப்பாக இருக்கும். அப்பாவுடையது கருங்காலியின் நிறத்துக்கு வந்துவிட்டது. காசியில் வாங்கி நாற்பது வருடம் கட்டியிருந்தார். நல்லெண்ணெய்க் குளியலும் வியர்வையும் ஏற்றிய நிறம். நெஞ்சைத் தொட்டிருந்த பக்கத்தில் முண்டுகள் மழுங்கி, எண்ணெய்ப் பளபளப்பு ஏறியிருந்தது. வெளிப்பக்கம் இன்னும் முரடு. தங்கம் பெட்டியில் இருந்தாலும் தங்கம்தான். இந்த மணிக்கு மேனி வேண்டும். விபூதி டப்பாவில் கிடந்தால் நிறம் அப்படியே நின்றுபோகும்.

ஆனாலும் தயக்கம் விடவில்லை. ருத்ராட்சம் கட்டினால் சுத்தபத்தமாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் மீன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்ததில்லை. அம்மாவிடம் சொன்னேன்.

“உங்கப்பா மட்டும் அயிரைக் கொழம்ப விட்டாகளாக்கும்? கொழம்பு கொதிக்கிற வாசம் வந்ததும் கழட்டி மாடத்துல வச்சிருவாக. சாயங்காலம் குளிச்சிட்டுத்தான் மறுபடி மாட்டுவாக. கொக்கியப் பாரு தம்பி.”

பார்த்தேன். மணியிலேயே கண் நின்றுவிட்டதால் நான் கவனிக்காத இடம். எஸ் கொக்கியின் ஒரு வளைவு முழுக் கனத்தோடு இருந்தது. விரலால் திறந்து மூடும் மற்ற வளைவு நூல்கம்பியாக இளைத்து, உட்புறம் பள்ளம் விழுந்திருந்தது. நாற்பது வருடம் என்றால் இரண்டாயிரம் ஞாயிறுகளுக்கு மேல். கட்டுவது என்று ஒருமுறை முடிவெடுத்துவிட்டு அப்பா அதை மறந்துவிடவில்லை. வாராவாரம் கழற்றியிருக்கிறார், வாராவாரம் யோசித்து மாட்டியிருக்கிறார். வெள்ளி அதைக் குறித்து வைத்திருக்கிறது.

பத்தரிடம் கொண்டுபோனேன். கொக்கி அதிக நாள் தாங்காது, புதிது போட்டுவிடலாம் என்றார். வேண்டாம், இளைத்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளி வைத்துப் பற்றவைத்துத் தாருங்கள் என்றேன். பற்றவைத்த இடம் சற்றே வெளுப்பாக, ஒரு எள் அளவுக்குத் தெரிகிறது.

இந்த ஞாயிறு சந்தையில் நல்ல அயிரை வந்திருந்தது. குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் கையைக் கழுவிக்கொண்டு மாடத்துக்குப் போய், கொக்கியைத் திறந்தேன்.