பகலில் தூங்க ஒரு திரை: பிளாக்அவுட் ஸ்கிரீன் வாங்கி மாட்டிப் பார்த்தோம்

தருமபுரி கடைவீதியில் ‘நூறு பர்சன்ட் பிளாக்அவுட்’ என்று சொல்லி எனக்குக் காட்டிய ஸ்கிரீன்களில் பெரும்பாலானவை நூறு பர்சன்ட் இல்லை. மதியம் டிவி பார்க்கிறவருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. ஆனால் ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, காலை ஒன்பது மணி வெயிலில் படுக்கப் போகிறவருக்குக் கசிகிற அந்தக் கொஞ்ச வெளிச்சம்தான் பிரச்சினையே. என் தம்பி அப்படிப்பட்ட ஆள். அவன் அறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். காலை வெயில் முகத்தில், மாலை வெயில் காலில். அந்த இரண்டு ஜன்னல்களிலும் துணிகளை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்ததன் கணக்குதான் இது.

வெளிச்சத்துக்கும் உடம்புக்கும் உள்ள உறவு இந்த மாவட்டத்துப் பட்டு விவசாயிகளுக்குப் பழைய பாடம். பட்டுப்புழு முட்டையில் கறுப்புப் புள்ளி தெரிந்ததும் அதைக் கறுப்புத் துணியிலோ தாளிலோ மூடி இருட்டில் வைப்பார்கள். பொரிக்கிற நாள் காலையில் வெளிச்சத்தில் எடுத்து வைத்தால் புழுக்கள் ஏறக்குறைய ஒன்றாக வெளியே வரும். நம் கதையும் கிட்டத்தட்ட அதுதான். கண்ணில் வெளிச்சம் பட்டால் மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் சுரப்பது குறைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007இல் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பட்டியலில் வைத்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தபோதும் இரவுப் பணியை அங்கிருந்து எடுக்கவில்லை. ஒரு ஸ்கிரீன் இதையெல்லாம் சரிக்கட்டிவிடாது. பகல் தூக்கம் ஒரு மணி நேரம் நீண்டால் அதுவே லாபம் என்றுதான் கடைக்குப் போனோம்.

கடையில் கிடைப்பது இரண்டு வகைத் துணி. ஒன்று, பாலியெஸ்டர் நெசவின் நடுவில் கறுப்பு நூல் ஓடுவது. தொட்டால் மெத்தென்று இருக்கும், மடிப்பு அழகாக விழும், துவைக்கலாம். வெளிர் நிறம் எடுத்தால் வெயில் நேராக அடிக்கும்போது துணி முழுக்க மங்கலாக ஒளிர்கிறது; காப்பிப்பொடி நிறமோ கருநீலமோ எடுத்தால் பரவாயில்லை. மற்றது கோட்டிங் துணி. பின்பக்கம் ரப்பர் மாதிரி வெள்ளைப் பூச்சு இருக்கும். இதன் வழியாக ஒளி வருவதே இல்லை, ஊசி போன துளைகளைத் தவிர. தையல்காரர் நடுவில் ஒட்டுத் தையல் போட்டால் அந்தக் கோட்டில் வரிசையாக நட்சத்திரம் தெரியும். ஆகவே ஒட்டு இல்லாத முழு அகலத்தில் வாங்குங்கள். முதல் சில நாள் வாசனை அடிக்கும், வெளியே கொடியில் காயவிட்டால் போய்விடும். முறுக்கிப் பிழிந்தால் பூச்சு வெடித்துவிடும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

கடையிலேயே சோதிக்கலாம். செல்போன் டார்ச்சைத் துணியின் பின்னால் ஒட்டிப் பிடித்து முன்னால் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் அது நெசவு வகை, எதுவும் தெரியாவிட்டால் கோட்டிங். விற்பவர் சொல்லும் பர்சன்ட்டைவிட இது நம்பகமானது.

கரூர் பருத்தி ஸ்கிரீன் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். அதன் பின்னால் கோட்டிங் துணியை லைனிங்காக வைத்துத் தைத்தால் அறைக்குள் அழகு, ஜன்னல் பக்கம் இருட்டு. ரோலர் பிளைண்ட் ஒன்றையும் மாட்டிப் பார்த்தோம். துணி நன்றாகத்தான் இருந்தது, இரண்டு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு வெளிச்சக் கோடு விழுந்தது. அதன் சங்கிலி கயிறு சின்னக் குழந்தைகளின் கழுத்தில் மாட்டும் ஆபத்தும் உண்டு. எங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறது, கழற்றிவிட்டோம்.

துணியைவிட எங்களுக்கு வேலை வைத்தது கம்பிதான். பழைய வீடுகளில் ஸ்பிரிங் கம்பியை இரண்டு கொக்கியில் மாட்டி ஸ்கிரீன் விடுவார்கள். பிளாக்அவுட் துணிக்கு அது ஆகாது. நடுவில் தொய்ந்து, மேலே பிறை வடிவில் வெளிச்சம் விட்டுவிடும். ஒரு அங்குலக் குழாய் வேண்டும். எடை என்று பார்த்தால் நான்கடி அகலம், ஐந்தடி உயரத் துணி ஒன்று அரைக்கிலோ பக்கம்தான் வரும். பிராக்கெட்டைப் பெயர்ப்பது அந்த எடையல்ல, தூக்கக் கலக்கத்தில் பக்கவாட்டில் இழுக்கிற இழுப்பு. பிள்ளைகள் பிடித்துத் தொங்குவது தனிக் கணக்கு.

பிராக்கெட்டோடு வரும் ஒரு அங்குல ஸ்குரூவை நம்பாதீர்கள். சுவர்ப் பூச்சே அரை அங்குலம் போய்விடும். செங்கல்லில் மிச்சம் அரை அங்குலம்தான் பிடிக்கும். எட்டு மில்லிமீட்டர் பிட்டால் துளை போட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, ராவல் பிளக் இறக்கி, இரண்டு அங்குல ஸ்குரூ முடுக்குங்கள். தூசி உள்ளே இருந்தால் பிளக் சுழலும். ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டல் கான்கிரீட். ஹாமர் டிரில் இல்லாமல் இறங்காது. உள்ளே கம்பி தட்டினால் அமுக்காமல் ஓரிரு அங்குலம் தள்ளிப் போடுங்கள். லிண்டலும் செங்கல்லும் சேருகிற இடத்தில் மட்டும் துளை போட வேண்டாம், பொலபொலவென்று உதிர்கிறது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் வேண்டாம், ஒயர் பைப் அந்த வழியாகத்தான் ஏறும்.

ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளக் உள்ளே பொத்தென்று விழுந்துவிடும். லிண்டலில் ஒரு மரச்சட்டத்தை நீளமாக முடுக்கி, அதன்மேல் பிராக்கெட்டை வைப்பதுதான் எளிது. கருங்கல் கட்டிய பழைய வீட்டில் கல்லோடு மல்லுக்கட்டாமல் மர நிலையிலேயே அடிக்கலாம்.

அளவு இப்படி வைத்தோம். நான்கடி ஜன்னலுக்கு ஐந்தரை அடிக் கம்பி, இரு பக்கமும் ஒன்பது அங்குலம் கூடுதல். தரையிலிருந்து மூன்றடியில் தொடங்கி ஏழடியில் முடிகிற ஜன்னலுக்குக் கம்பி ஏழரை அடியில். ஐந்தடி ரெடிமேட் துணி இரண்டு மாட்டினால் கீழே அரையடி இறங்கி நிற்கும், மடிப்புக்கும் துணி போதும். நடுவில் துணிகள் சேருமிடத்தில் நாலு விரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். கம்பி ஆறடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு பிராக்கெட் கட்டாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் மேலேயும் ஓரத்திலும் வெளிச்சம் வந்தது. வளையம் வைத்த ஸ்கிரீனில் மேல்விளிம்பு அலையலையாக நிற்பதால் கசிவு தவிர்க்க முடியாதது. சன்ன பிளைவுட்டில் ஒரு பெல்மெட் அடித்ததும் நின்றது. ஓரங்களைச் சுவரோடு வெல்க்ரோ பட்டியால் ஒட்டினோம். கம்பியின் முனைகள் சுவரை நோக்கி வளைந்து போகும் வகை கிடைத்தால் வெல்க்ரோவே வேண்டியதில்லை. நம் வீடுகளில் இன்னொரு திருடன் வென்டிலேட்டர். அதை அடைக்கவே கூடாது, சூடான காற்று போகிற வழி அது. கறுப்பு அட்டையைச் சரிவாக வைத்து வெளிச்சத்தைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். ஓட்டு வீடு என்றால் கண்ணாடி ஓட்டை மறக்காதீர்கள்.

‘அறை ஜில்லென்று ஆகிவிடும்’ என்பது விற்பனைப் பேச்சு. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் துணி அதைப் பிடிக்கிறது. சூட்டில் பெரும்பங்கு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெள்ளைப் பூச்சு வெளிப்பக்கம் இருந்தால் ஓரளவு திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் எங்கள் மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல்வலை கட்டிய பிறகே வித்தியாசம் தெரிந்தது. மூங்கில் தட்டி கட்டினால் இன்னும் நல்லது. கரண்ட் போய் ஃபேன் நின்றால், ஸ்கிரீன் மூடிய அறையில் படுத்திருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொசுவர்த்தியை இந்தத் துணிக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். பாலியெஸ்டர் உருகி ஒழுகும்.

மதிய தூக்கத்துக்கும் டிவிக்கும் நெசவு வகை ரெடிமேட் போதும், மிச்சப் பணத்தை நல்ல பிராக்கெட்டில் போடுங்கள். நைட் ஷிஃப்ட்காரர் இருக்கிற வீட்டில் அவர் படுக்கிற அறைக்கு மட்டும் கோட்டிங் துணி, பெல்மெட்டோடு; வீடு முழுக்க மாட்டுவது வீண் செலவு. ரோலர் பிளைண்டுக்கு என் ஓட்டு இல்லை. மாட்டிய முதல் வாரம் அலாரம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே மணி மூன்றா ஆறா என்று தெரியாது.