தாராமதியின் மீசை, ராஜலட்சுமியின் முகம்

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளுக்கு நடுவே கூத்து நடக்கும் நாட்களில் சாயங்காலமே சவரக்காரர் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். திரௌபதி வேஷம் கட்டுகிறவருக்கு மட்டும் இரண்டு தடவை சவரம்: முதலில் முடி போகிற வாக்கில், பிறகு எதிர்வாக்கில். படிகாரக் கட்டியை நனைத்துக் கன்னத்தில் தேய்க்கும்போது எரிச்சலில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். அது காய்ந்த பிறகுதான் அரிதாரம். வடஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த கூத்து அது. பொழுது புலரும் நேரத்தில் திரௌபதியின் தாடையில் லேசாகப் பச்சை படர்ந்திருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

மௌனப்பட நடிகைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாடைதான் நினைவுக்கு வருகிறது. பெண்கள் திரைக்கு வந்த கதையைக் குடும்ப மானம், சாதி, ஊர்ப்பேச்சு ஆகிய தடைகளைத் தாண்டிய கதையாக எழுதுகிறார்கள். அது உண்மை. ஆனால் அந்தப் பெண்கள் வந்து உட்கார்ந்தது காலியாக இருந்த நாற்காலியில் அல்ல. முகம் மழித்த ஓர் ஆண் அதில் ஏற்கெனவே இருந்தான்.

1913-இல் தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் கிடைக்கவில்லை. பாலியல் தொழில் செய்த பெண்களிடம்கூடக் கேட்டுப் பார்த்தார், அவர்களும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் பம்பாய் உணவு விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்த, மெல்லிய கைகள் கொண்ட அண்ணா சாளுங்கே தாராமதி ஆனார். பெண் வேடத்துக்கு வந்த ஆண்களிடம் மீசையை எடுக்கச் சொல்வதே பால்கேக்குப் பெரும்பாடாகிவிட்டது என்பார்கள். அப்பா செத்தால் எடுக்கிற மீசையை அவர் உயிரோடு இருக்கும்போதே எடுப்பதா என்பது அவர்கள் கேள்வி. அதே ஆண்டு 'மோகினி பஸ்மாசுர'னில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்துவிட்டார்கள். ஆனாலும் 1917-இல் 'லங்கா தகன'த்தில் ராமரும் சாளுங்கேதான், சீதையும் அவரேதான்.

இங்கிலாந்திலும் இதே கதை. நாடகம் ஏன் தொடங்கவில்லை என்று இரண்டாம் சார்லஸ் மன்னர் கேட்டதற்கு, ராணிக்கு இன்னும் சவரம் முடியவில்லை என்று பதில் வந்ததாம். நடிகர் கோலி சிப்பர் 1740-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் இதைச் சொல்கிறார். மீசையை விடாமல் பிடித்துக்கொண்டதும் இங்கே மட்டும் அல்ல: 1916 அக்டோபர் வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் மேலுதட்டை மழிக்கக் கூடாது என்றே விதி இருந்தது.  அரிதாரத்தின் கதை இன்னும் சுவையானது. அந்தப் பெயர் மஞ்சள் நிறமுள்ள ஆர்சனிக் தாதுவைக் குறிக்கும். அதே தாதுவைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசி முடி உதிர்ப்பது மேற்காசியாவின் பழைய வழக்கம். முகத்துக்கு வேஷம் தந்த பொருளே முடியையும் எடுத்திருக்கிறது.

தமிழ் நாடக மேடை இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலசபாவும் அதைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகளும் மீசை முளைக்காத பையன்களையே ஸ்திரீபார்ட் ஆக்கின. மகரக்கட்டு வந்து குரல் உடையும்வரைதான் அந்தப் பையனுக்கு மதிப்பு. சிவாஜி கணேசனின் மேடை வாழ்க்கை சீதை வேஷத்தில்தான் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில் கும்பகோணம் பாலாமணி பெண்களை மட்டும் வைத்துக் கம்பெனி நடத்தினார். அங்கே ஆண் வேஷமும் பெண்களுக்குத்தான். கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் திரையில் நந்தனாராகவே வந்தார். வேஷம் இப்படி இரண்டு பக்கமும் மாறிய மேடை அது.

கேமரா அதைக் குலைத்தது. மௌனப்படக் காலத்தில் பெரிதும் புழங்கிய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவந்த உதடு கறுப்பாக விழும், வெயில் பட்ட கன்னம் கறுக்கும். தூரத்து மேடையில் அரிதாரம் மறைத்ததைத் திரையை நிறைக்கும் முகம் காட்டிக்கொடுக்கும். பெண்களைத் திரைக்கு அழைத்துவந்ததில் சீர்திருத்தவாதிகளுக்குப் பங்கு இருக்கலாம். குளோசப்புக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

டி.பி. ராஜலட்சுமி வந்தது அந்த நேரத்தில். 1911-இல் திருவையாற்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல், அப்பாவையும் இழந்து, அம்மாவோடு திருச்சிக்கு வந்து நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடை ஏறுவது அன்று எளிய காரியம் அல்ல. 1929-இல் ஏ. நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் தயாரித்த 'கோவலன்' அவருடைய முதல் மௌனப்படம். பிறகு 'உஷாசுந்தரி', ராஜா சாண்டோ இயக்கிய 'ராஜேஸ்வரி'. வசனமும் பாட்டும் பழகிய தொண்டையை மூடிக்கொண்டு கண்ணாலும் கையாலும் மட்டுமே நடிக்க வேண்டும். மேடையில் பாடித்தான் பெயர் வாங்கவேண்டியிருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய இழப்பு!

அந்த வாய் 1931 அக்டோபர் 31-இல் திறந்தது. எச்.எம். ரெட்டி பம்பாயில் எடுத்த தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' அன்றைக்குச் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொன்னார். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய காந்தியின் ராட்டைப் பாட்டும் வந்தது. 1936-இல் தன்னுடைய நாவலையே 'மிஸ் கமலா' என்று எழுதி, தயாரித்து, இயக்கி, தானே நடித்தார். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். இத்தனை செய்தவரை இன்று 'முதல் கதாநாயகி' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு மிக நெருங்கி வந்த மௌனப்படம் மோகன் பவ்நானியின் 'வசந்தசேனா'. 1931-இல் வந்த அதில் ஏணாக்ஷி ராமராவும் கமலாதேவி சட்டோபாத்யாயாவும் நடித்தார்கள். கூடவே கன்னட நாடகாசிரியர் டி.பி. கைலாசம். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் நிலவியல் படித்து, மைசூர் அரசின் நிலவியல் துறையில் வேலை பார்த்தவர். பாறை படித்துவிட்டு நடிக்க வந்தவர் என்பதால் தங்கவயல்காரனான எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-இலேயே எங்கள் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கு 1905-இல்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும் ஊருக்கு, எந்த மொழியும் பேசாத படத்தைவிடப் பொருத்தமான படம் ஏது?

அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை இன்று பார்க்க வழியில்லை. இந்தியாவில் 1,300-க்கும் மேல் மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன. முழுதாகவும் துண்டாகவும் மிஞ்சியவை ஏறக்குறைய முப்பது. தென்னிந்தியாவில் தப்பியது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். 'கோவலன்' இல்லை, 'ராஜேஸ்வரி' இல்லை, 'காளிதாஸு'ம் 'மிஸ் கமலா'வும்கூட இல்லை. சில சுருள்கள் எரிந்தன, சில மக்கின, பலவற்றை அவற்றில் இருந்த வெள்ளிக்காகக் கரைத்துவிட்டார்கள்.

கரைத்துப் பிரிப்பது எங்களுக்குப் புதிது அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்த ஊர் இது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும்வரை நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம், அதாவது பத்துக் கோடி சவரன், போனது. சக்கை மண் மட்டும் குன்று குன்றாக இங்கேயே கிடக்கிறது. அதிலும் தங்கம் மிச்சமிருக்கிறது என்று 2024-இல் அந்த மேடுகளைத் தோண்ட மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

மௌனப்படத்துக்கும் சக்கை மண் உண்டு: கொட்டகை நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், நாடகக் கம்பெனிக் கணக்கு நோட்டு, ஸ்டூடியோவில் எடுத்த ஒரு போட்டோ. ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ உங்கள் தாத்தா கொட்டகையில் வேலை பார்த்தவராக இருந்தால், பரண் மேல் இருக்கும் தகரப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். ராஜலட்சுமி பேசாமல் நடித்த முகம் அதில் இருக்கலாம்.